கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போடும் முன்

வேர் சிகிச்சை முடிந்ததும் "எந்த கேப் போடலாம்?" என்று மருத்துவர் கேட்பார். விலையைப் பார்க்கும் முன் பல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கடைவாய்ப் பல்லுக்கு சிர்கோனியா என்ற உறுதியான வெண்பீங்கானோ முழு உலோகமோ நல்லது. உலோகத்துக்குப் பல்லைக் குறைவாகச் செதுக்கினால் போதும். வாயைத் திறந்தால் மின்னும், அவ்வளவுதான்.

பெருந்துறையில் எங்கள் அப்புச்சி உலோகத்தின் மேல் பீங்கான் ஏற்றிய கேப் போட்டிருந்தார். வறுத்த கொள்ளை மென்றதில் பீங்கான் சில்லு தெறித்து, உள்ளிருந்த சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. ஈறு இறங்கினாலும் அந்த வகையில் ஓரத்தில் கருங்கோடு தெரியலாம்.

முன்பல்லுக்கு, ஒளி ஊடுருவும் லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிப் பீங்கான் இயல்பாக இருக்கும். தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர் என்றால் அளவெடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். கவரிங் கம்மல் போட்டால் காது அரிப்பவர்களும்தான். சில உலோகக் கேப்களில் நிக்கல் உண்டு.