டூர் பார்த்துவிட்டு ஈசிஆரில் இறங்குபவர்கள் செய்யும் தவறுகள்

ஒவ்வொரு ஜூலையிலும் இது நடக்கிறது. பிரான்ஸின் மூன்று வார சைக்கிள் பந்தயமான டூர் தெ பிரான்ஸில் அன்றைய கட்டம் நம் நேரப்படி இரவு 9 மணிவாக்கில் முடியும். பார்த்த சூடு ஆறுவதற்குள், ஞாயிறு விடியற்காலை, சென்னையில் ஈசிஆர் என்னும் கிழக்குக் கடற்கரைச் சாலை தொடங்கும் திருவான்மியூரில் ஏழெட்டுப் புது முகங்கள் வந்து நிற்பார்கள். டூரில் முதலிடத்தில் இருப்பவர் போடும் மஞ்சள் ஜெர்சி, சிறந்த மலையேறி போடும் சிவப்புப் புள்ளி ஜெர்சி, நேற்றுத்தான் கடையிலிருந்து வந்த சைக்கிள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். ஆனால் முட்டுக்காடு பாலம் வருவதற்குள், 12 வருடங்களுக்கு முன்னால் நான் செய்த தவறுகள் எல்லாம் வரிசை மாறாமல் என் கண்ணெதிரே நடந்து முடிந்திருக்கும்.

ஹெல்மெட், டயர் காற்று, பின்விளக்கு பற்றியெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். மற்றவற்றை நான் சொல்கிறேன்.

அவர்கள் வேகத்தோடு நம் வேகத்தை ஒப்பிடுவது

மூன்று வாரம் ஓடும் டூரில் வென்றவரின் சராசரி வேகம் இப்போதெல்லாம் மணிக்கு 40 கி.மீ.-ஐத் தாண்டுகிறது. அதைத் தனி ஆளின் கால் பலம் என்று நினைத்துவிடக் கூடாது. அணிக்கு 8 பேர். பெரும்பாலும் ஒருவருக்காக மற்ற 7 பேர் காற்றைத் தாங்குகிறார்கள். கூட்டத்தின் நடுவே இருப்பவருக்கு எதிர்காற்றே பெரிதாகத் தெரியாது. ரோடும் மூடியிருக்கும். நமக்கோ சிக்னல், பஸ், யூ-டர்ன், குறுக்கே வரும் மாடு.

இன்னொன்றும் உண்டு. நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குக் காற்று. மாமல்லபுரம் போகும்போது முதுகில் கை வைத்துத் தள்ளும். 35-இல் பறந்தவர் திரும்பும்போது 22-க்குத் திணறுவார். காற்று கொடுத்த வேகத்தைத் தன் வேகம் என்று எண்ணி, போகும்போதே எல்லாவற்றையும் செலவழித்துவிட்டிருப்பார்.

டாப் ட்யூபில் (சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே உள்ள குழாயில்) உட்கார்ந்து சரிவில் இறங்குவது

2016 டூரில் பெய்ரசூர்த் மலை இறக்கத்தில் பிரிட்டன் வீரர் கிறிஸ் ஃபுரூம் இப்படி இறங்கிப் போய் அன்றைய கட்டத்தை ஜெயித்தார். 2021 முதல் தொழில்முறை வீரர்களுக்கே தடை. செய்யாதீர்கள்.

பசித்த பிறகு சாப்பிடுவது

இதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

ஒரு 200 கி.மீ. பிரவே, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரப் பயணம். திருவான்மியூரில் தொடங்கி, கடப்பாக்கம் பக்கம் போய்த் திரும்ப வேண்டும். 13 மணி 30 நிமிடம் அவகாசம். ஜனவரி மாதம், நல்ல குளிர்ச்சி. காலையில் ஒரு காபி மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினேன். பசிக்கவில்லை, அதனால் சாப்பிடவில்லை. கடப்பாக்கத்தில் மற்றவர்கள் இட்லி சாப்பிட்டபோது நான் தண்ணீர் பிடித்துக்கொண்டு முன்னால் கிளம்பிவிட்டேன். மாமல்லபுரம் தாண்டியதும் கொட்டாவி வந்தது. அப்புறம் காரணமில்லாமல் எல்லோர் மேலும் கோபம். கோவளம் அருகே நல்ல வெயிலில் குளிர்வியர்வை, கண்ணைக் கட்டியது. இறங்கி, மூடியிருந்த ஒரு கடைத் திண்ணையில் படுத்துவிட்டேன். மீதி 30 கி.மீ.கூட இல்லை. கையில் நாலு மணி நேரம் இருந்தது. என்னால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. சைக்கிளை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வீடு வந்தேன். ஆறு மாதப் பயிற்சி போயிற்று, ஒரு வாழைப்பழத்துக்காக.

பசி வந்திடப் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். சைக்கிளில் பசி வருவதற்கு முன்பே பறந்துவிடுகிறது. தசையிலும் கல்லீரலிலும் உடல் சேமித்து வைக்கும் சர்க்கரை சுமார் 400, 500 கிராம்தான். நன்றாக மிதித்தால் இரண்டு மணி நேரத்தில் அடிமட்டம் தெரியும். சைக்கிள்காரர்கள் இதை ‘பாங்க்’ என்பார்கள். அந்த நிலைக்குப் போனபின் சாப்பிட்டால், அது வயிற்றைக் கடந்து காலுக்கு வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பெரியவர்களையும் இது விட்டதில்லை. 2013 டூரில் ஆல்ப் துவெஸ் மலை ஏற்றத்தில் மஞ்சள் ஜெர்சியோடு இருந்த ஃபுரூமுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. துணைவீரர் ரிச்சி போர்ட் அணிக் காரிடம் போய் ஜெல் (சிறு உறையில் வரும் சர்க்கரைக் கூழ்) வாங்கி வந்து கொடுத்தார். கடைசி கிலோமீட்டர்களில் காரிலிருந்து உணவு வாங்குவது விதிமீறல்; இருவருக்கும் 20 விநாடி அபராதம். அபராதம் கட்டியாவது வாங்கும் அளவுக்கு அந்த ஒரு ஜெல்லுக்கு மதிப்பு. 2019-இல் யார்க்ஷயரில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப் போட்டியில் நெதர்லாந்து வீரர் மாத்யூ வான் டெர் போல் முன்னணிக் கூட்டத்தில் இருந்தார். கடைசிச் சுற்றில் திடீரென்று காலியாகி, 10 நிமிடத்துக்கு மேல் பின்தங்கி வந்து சேர்ந்தார்.

அதனால்தான் புதியவர்களிடம் சொல்கிறேன்: கடைசி 5 கி.மீ.-ஐ மட்டும் பார்க்காதீர்கள், ஒன்றும் நடக்காத நடு மணிகளையும் பாருங்கள். வீரர்களின் கை ஜெர்சியின் முதுகுப் பைக்குப் போய்க்கொண்டே இருக்கும். இன்று அவர்கள் மணிக்கு 90 முதல் 120 கிராம் மாவுச்சத்து உள்ளே தள்ளுகிறார்கள். அதற்கு வயிற்றைப் பல மாதம் பழக்க வேண்டும். நமக்கு 40-இல் தொடங்கினால் போதும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கிறது. முதல் அரை மணியிலேயே ஒரு கடி, பிறகு 20 நிமிடத்துக்கு ஒரு முறை. பசிக்கிறதா என்று வயிற்றைக் கேட்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள்.

விலை உயர்ந்த ஜெல்லும் கட்டாயமில்லை. டூர் அணிகளின் சமையலறையிலேயே குழைந்த சோற்றில் இனிப்புச் சேர்த்து, துண்டு போட்டு, ஃபாயில் தாளில் மடித்துக் கொடுக்கிறார்கள். அதற்கு நம் வீட்டில் சர்க்கரைப் பொங்கல் என்று பெயர். நெய்யைக் குறைத்து, இறுக்கமாகக் கிளறி, இரவே மடித்து வையுங்கள். கடலை மிட்டாயும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டிலில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சை ஜூஸ். சென்னை வியர்வைக்கு வெறும் தண்ணீர் ஈடுகொடுக்காது.

முன்னால் போகிறவரின் பின் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழைவது

அவர் பின் சக்கரமும் உங்கள் முன் சக்கரமும் உரசினால் விழுவது பின்னால் இருப்பவர்தான். பக்கக்காற்றில் வீரர்கள் ரோடு முழுக்கச் சாய்வாக அணிவகுப்பது அழகு. ஆனால் அது மூடிய ரோடு. ஈசிஆரில் வேண்டாம்.

ஜெல் உறையை ரோட்டில் வீசுவது

பையில் வையுங்கள்.

பின்தங்கியவரை விட்டுவிட்டுப் போவது

போன மாதம் மஞ்சள் ஜெர்சி போட்ட ஒரு தம்பி, திரும்பும் வழியில் முட்டுக்காடு பாலத்துக்கு முன்னால் நின்றுவிட்டான். முகம் வெளுத்திருந்தது. “நீங்க போங்க அண்ணா, நான் மெதுவா வரேன்” என்றான். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். காபி. எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு, பையிலிருந்த இரண்டு வாழைப்பழத்தையும் கொடுத்து நிழலில் உட்கார வைத்தேன். மற்ற நாலு பேரும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். 20 நிமிடத்தில் அவன் முகத்தில் ரத்தம் ஏறியது. அவனை நடுவில் வைத்துக்கொண்டு, 18-க்கு மேல் போகாமல், திருவான்மியூர் வந்து சேர்ந்தோம். வழியில் இரண்டு முறை அவன் கை முதுகுப் பைக்குப் போனதைப் பார்த்தேன்.