பட்ஜெட் டீசல் எஸ்யூவி: வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டீசல் எஸ்யூவி வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். மாதம் எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள், அதில் ஒரே மூச்சில் ஓட்டுவது எவ்வளவு? முதல் பாதிக்குப் பெரும்பாலானோர் சட்டென்று பதில் சொல்லிவிடுவார்கள். இரண்டாவது பாதியை யோசித்தே இருக்க மாட்டார்கள். இன்றைய டீசல் வண்டிக்கு அந்த இரண்டாவது பாதிதான் உயிர்.

மைலேஜ் கணக்கிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் சறுக்குகிறார்கள். டீசல் குறைவாகக் குடிக்கும் என்பது உண்மைதான். ஒரு லிட்டர் டீசலில், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட 10 சதவீதத்துக்கும் மேல் கூடுதல் ஆற்றல் இருக்கிறது. தவிர, டீசல் இன்ஜின் காற்றை 15 முதல் 18 மடங்கு வரை அழுத்தி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைப்பதால் ஆற்றல் வீணாவதும் குறைவு. ஆனால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை மட்டும் வைத்து முடிவெடுத்தால் கணக்கு பாதியில் நிற்கும். டீசல் மாடலுக்கு வாங்கும்போதே கூடுதலாகக் கொடுக்கும் பணம் எப்போது திரும்ப வரும் என்பது மீதிப் பாதி.

இதை உங்கள் ஊர்ப் பணத்தில் போடுவதற்கு முன், லிட்டரில் போட்டுப் பாருங்கள்; தெளிவாகத் தெரியும். ஒரே எஸ்யூவி, பெட்ரோலில் லிட்டருக்கு 14 கிலோமீட்டரும் டீசலில் 18 கிலோமீட்டரும் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1,000 கிலோமீட்டர் ஓட பெட்ரோல் சுமார் 71 லிட்டர் வேண்டும், டீசல் சுமார் 56 லிட்டர் வேண்டும். மிச்சம் ஏறக்குறைய 16 லிட்டர். இரண்டு மாடலுக்கும் இடையே உள்ள விலை வித்தியாசத்தில் 1,600 லிட்டர் எரிபொருள் வாங்கலாம் என்றால், அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்க ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அது ஐந்தரை வருடம். மாதம் 500 ஓட்டுபவருக்குப் பதினாறு வருடத்துக்கும் மேல்! உங்கள் ஊரில் டீசல் பெட்ரோலைவிட மலிவு என்றால் இந்தக் காலம் குறையும், விலை கூடுதல் என்றால் நீளும். கடனில் வாங்கினால் அந்த வித்தியாசத்துக்கும் வட்டி உண்டு. சர்வீஸுக்கும் காப்பீட்டுக்கும் டீசலில் கூடுதலாக ஆகும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கில் விளம்பர மைலேஜைப் போடாதீர்கள். அது சோதனைக்கூடத்தில் உருளைகளின் மேல் வண்டியை ஓட்டி அளந்த எண். ஐரோப்பாவில் நெடுங்காலம் இருந்த பழைய சோதனை வெறும் 20 நிமிடம், 11 கிலோமீட்டர். சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர்கூட இல்லை. 2017 முதல் அங்கே கடினமான புதிய சோதனை வந்தாலும், சாலையும் சுமையும் ஏசியும் உங்களுடையவைதானே. அதிலும் எஸ்யூவி உயரமானது, காற்றை மார்பால் தள்ளிக்கொண்டு போவது. 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 120-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு 44 சதவீதம் கூடுகிறது. நெடுஞ்சாலையில் வேகமாகப் போகிறவருக்கு விளம்பர எண் கிட்டாமல் போவது இதனால்தான்.

வடிகட்டியை மறந்துவிடுவது

என் நெருங்கிய உறவினர் ஒருவர், வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டரில் இருக்கும் அலுவலகத்துக்குப் போய்வர டீசல் எஸ்யூவி வாங்கினார். ஒரு வருடம்கூட ஆகவில்லை, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் வண்டி வேகமெடுக்க மறுத்தது. ஒர்க்‌ஷாப்பில் சொன்ன செலவைக் கேட்டு அவர் முகம் வாடிப்போனதை இன்றும் மறக்க முடியவில்லை. வண்டியில் பழுது எதுவும் இல்லை. அவருடைய ஓட்டத்துக்கு ஒத்துவராத வண்டி, அவ்வளவுதான். விற்றவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

நடந்தது என்ன? இன்றைய டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற கரித்துகள் வடிகட்டி இருக்கிறது. டீசல் எரியும்போது வரும் கரியை இது பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்த கரியை அவ்வப்போது எரித்தால்தான் வழி அடைக்காமல் இருக்கும். அதற்கு வடிகட்டி சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடாக வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும் வண்டியில் இந்த வேலை எளிதில் நடக்கும். குறுகிய தூரம் ஓடி ஓடி நிற்கும் வண்டியில், இன்ஜின் சரியாகச் சூடாவதற்குள் சாவியைத் திருப்பி நிறுத்திவிடுகிறோம். டீசல் இன்ஜின் சூடாகவே நேரம் எடுக்கும் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

கரி கூடிவிட்டால் வண்டியே கூடுதலாக டீசலைத் தெளித்து வடிகட்டியைச் சூடாக்கப் பார்க்கும். அந்த வேலை பாதியில் நின்றால் கரி அப்படியே இருக்கும். அதைவிட மோசமானது, பல வண்டிகளில் தெளித்த டீசலில் ஒரு பகுதி எரியாமல் சிலிண்டர் சுவர் வழியாக இன்ஜின் ஆயிலில் இறங்கிவிடும். ஆயில் நீர்த்துப்போகும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறையாமல் ஏறிக்கொண்டே போனால் சந்தோஷப்படாதீர்கள், அது ஆபத்தின் அறிகுறி. நீர்த்த ஆயில் முதலில் பதம்பார்ப்பது, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவை. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் பொருள் அது, மெல்லிய ஆயில் படலத்தை நம்பித்தான் சுழல்கிறது.

ஆகவே வாரத்தில் ஒரு முறையாவது, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு இருபது நிமிடம் சீரான வேகத்தில் ஓட்ட உங்களுக்கு வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் டீசல் வேண்டாம் என்பதே என் கருத்து. விலை எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் சரி. வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டால் போச்சு என்று சில மெக்கானிக்குகள் சொல்வார்கள். அந்தக் கரியை மூச்சில் இழுக்கப்போவது உங்கள் வண்டிக்குப் பின்னால் இரண்டு சக்கரத்தில் குழந்தையோடு வருபவர். பல நாடுகளில் இது சட்டத்துக்கும் புறம்பானது. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஆயிலிலும் கை வைக்க வேண்டாம். கரியை எரிக்கலாம், ஆனால் ஆயிலில் உள்ள உலோகச் சேர்மங்களால் வரும் சாம்பல் எரியாது, வடிகட்டியிலேயே தங்கிவிடும். அதனால்தான் சாம்பல் குறைந்த தனி ரக ஆயிலைக் கையேட்டில் குறிப்பிட்டிருப்பார்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று வேறு ரகம் ஊற்றுவது வடிகட்டியின் ஆயுளைக் குறைப்பதற்குச் சமம்.

இதோடு இன்னொன்று. நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கச் சில வண்டிகளில் யூரியா கரைசல் ஊற்றும் தனித் தொட்டி இருக்கும். ஆட்ப்ளூ என்ற பெயரில் கிடைக்கும் இந்தக் கரைசலில் 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்தமான நீர். பல வண்டிகளில் இது அடியோடு தீர்ந்துபோனால், இன்ஜினை நிறுத்திய பிறகு மறுபடி ஸ்டார்ட் ஆகாது. வண்டியே அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. சிறிய டீசல் இன்ஜின்கள் சிலவற்றில் யூரியா இல்லாத வேறு முறை இருக்கும். உங்கள் வண்டியில் எது என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

யாருக்கு டீசல் பொருந்தும்?

இவ்வளவு சொன்னதால் டீசலுக்கு நான் எதிரி என்று நினைக்க வேண்டாம். நீண்ட தூரம் அடிக்கடி போகிறவர், ஆறேழு பேரும் மூட்டை முடிச்சும் ஏற்றுகிறவர், மலைப்பாதையில் வாழ்கிறவர், டிரெய்லர் இழுக்கிறவர் - இவர்களுக்கு நல்ல டீசல் இன்ஜினைப் போல ஒத்தாசை வேறில்லை. 1,500 முதல் 2,500 ஆர்பிஎம்முக்குள்ளேயே (இன்ஜின் நிமிடத்துக்குச் சுழலும் சுற்று) முழு இழுவிசையும் கிடைத்துவிடுவதால், ஏற்றத்தில் இன்ஜினை அலறவிட வேண்டியதில்லை. இப்போது வரும் சிறிய டர்போ பெட்ரோல் இன்ஜின்களும் இந்த இழுவையில் நெருங்கி வந்துவிட்டன. ஆனால் முழுச் சுமையோடு ஏறும்போது அவை குடிக்கும் பெட்ரோலைப் பார்த்தால் டீசலின் அருமை புரியும்.

டெஸ்ட் டிரைவை ஒற்றை ஆளாக, காலிச் சாலையில், பத்து நிமிடத்தில் முடித்துக்கொள்வதும் ஒரு தவறு. வீட்டில் இருப்பவர்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போங்கள். ஏசியைப் போட்டு, மெதுவாக நகரும் நெரிசலில் ஓட்டிப் பாருங்கள். டர்போ விழித்துக்கொள்வதற்கு முன், 1,500 ஆர்பிஎம்முக்குக் கீழே வண்டி சோர்ந்து நிற்கிறதா, கிளட்ச் காலை வலிக்கவைக்கிறதா என்பது அங்கேதான் தெரியும்.

எஸ்யூவி என்ற பெயரை நம்பிவிடுவது

பட்ஜெட் எஸ்யூவிகளில் பெரும்பாலானவை சிறிய காரின் அடித்தளத்தின் மேல் கட்டப்பட்டவை. முன்சக்கரங்களுக்கு மட்டுமே விசை போகும். உயரமாக இருப்பதால் சேற்றிலும் மணலிலும் போகும் என்று அர்த்தமில்லை. நிஜமாகவே அப்படிப்பட்ட பாதை உங்களுக்கு இருந்தால் நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியைத் தேடுங்கள். இல்லாவிட்டால் அதன் கூடுதல் எடைக்கும் பராமரிப்புக்கும் பணம் கொடுக்காதீர்கள். தரையிலிருந்து உயரம் இத்தனை மில்லிமீட்டர் என்று சொன்னால், ஆட்கள் ஏறிய பிறகா, ஏறும் முன்பா என்று கேளுங்கள். ஸ்பிரிங் அமுங்கியதும் அந்த எண் மாறிவிடும்.

பெரிய வண்டி என்றால் பாதுகாப்பு என்பதும் அப்படியே நம்பக்கூடியது அல்ல. ஈர்ப்பு மையம் உயர்ந்திருப்பதால் திடீரென்று ஸ்டியரிங்கைத் திருப்பும்போது உருளும் வாய்ப்பு தாழ்வான காரைவிட எஸ்யூவிக்கு அதிகம். இதைத் தடுப்பதில் இஎஸ்சி என்ற நிலைப்புக் கட்டுப்பாட்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதிய கார்களிலும் அது கட்டாயம். விலை குறைந்த வேரியன்ட்டில் இது இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். சன்ரூஃபுக்கும் பெரிய திரைக்கும் ஆசைப்பட்டு இதை விட்டுவிடாதீர்கள். மோதல் சோதனையின் நட்சத்திர மதிப்பீடு பார்க்கும்போதும் எந்த வருடம், எந்த வேரியன்ட்டைச் சோதித்தார்கள் என்று பாருங்கள். சோதனை விதிகள் கடுமையாகிக்கொண்டே வருவதால் பழைய ஐந்து நட்சத்திரமும் புதிய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல.

எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். 2015-இல் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் புகைச் சோதனையை ஏமாற்றிய டீசல் மோசடி வெளியானதிலிருந்து நகரங்கள் டீசலைக் கடுமையாகப் பார்க்கின்றன. ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் நகரம் 2019 ஜனவரியில் யூரோ 4 (ஐரோப்பியப் புகைத் தரம்; எண் கூடக் கூட விதி கடுமை) மற்றும் அதற்கு முந்தைய டீசல் வண்டிகளைத் தடுத்தது. லண்டனில் அதே வருடம் ஏப்ரல் முதல், யூரோ 6 தரம் இல்லாத டீசல் கார் மையப் பகுதிக்குள் நுழைந்தால் தினக்கட்டணம் என்று வந்தது; 2023 ஆகஸ்ட் முதல் அது லண்டன் முழுக்க. உங்கள் நகரில் இன்றைக்கு எதுவும் இல்லை என்றாலும், எட்டு வருடம் கழித்து விற்கும்போது வாங்குகிறவர் இதையெல்லாம் யோசிப்பார்.

பழைய டீசல் வண்டி என்றால்

பட்ஜெட்டுக்காகச் செகண்ட் ஹேண்ட் பக்கம் போகிறவர்கள் ஓடோமீட்டரில் குறைந்த கிலோமீட்டரைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். டீசலைப் பொறுத்தவரை நெடுஞ்சாலையில் ஒரு லட்சம் ஓடிய வண்டி, நகருக்குள்ளேயே முப்பதாயிரம் ஓடிய வண்டியைவிட நல்ல நிலையில் இருக்கலாம். எங்கே ஓடியது என்று கேளுங்கள், சர்வீஸ் ரசீதுகளில் என்ன ஆயில் ஊற்றினார்கள் என்று பாருங்கள். டைமிங் பெல்ட் (வால்வையும் பிஸ்டனையும் ஒத்து இயங்கவைக்கும் பட்டை) உள்ள இன்ஜின் என்றால் அது எப்போது மாற்றப்பட்டது என்பது மிக முக்கியம். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும்.

புகைக்குழாயின் உட்பக்கம் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். வடிகட்டி ஒழுங்காக இருக்கும் வண்டியில் அங்கே கரி அனேகமாக இருக்காது. விரல் கன்னங்கரேலென்று வந்தால் வடிகட்டி உடைந்திருக்கிறது அல்லது யாரோ கழற்றிவிட்டார்கள். ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப்போனால் வடிகட்டியில் எவ்வளவு கரி சேர்ந்திருக்கிறது, டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் ஒரே சீராக வேலை செய்கின்றனவா என்று படித்துச் சொல்வார். இன்ஜெக்டர் துளைகள் தலைமுடி அளவுதான் இருக்கும், டீசல் அதில் 1,600 பார், 2,000 பார் அழுத்தத்தில் பாய்கிறது (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). கலப்பட டீசலோ தண்ணீரோ கலந்தால் முதலில் சாவது இவையும் உயரழுத்த பம்பும்தான். வண்டி உங்கள் கைக்கு வந்த பிறகும் இதை மறக்க வேண்டாம். தவறி பெட்ரோல் ஊற்றிவிட்டால் சாவியைத் தொடாமல் தொட்டியைக் காலி செய்ய ஏற்பாடு செய்யுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இன்ஜின் இரவு முழுக்க ஆறிக் கிடந்த பிறகு ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஆறிய டீசல் இன்ஜினில்தான் நோய் வெளியே தெரியும்: எடுக்கத் தயங்குவது, ஒரு நிமிடம் கழித்தும் அடங்காத தடதடப்பு, நீலப் புகை. வண்டியைப் பார்க்கப் போனதும் பானட்டைத் தொடுங்கள். சூடாக இருந்தால் பேச்சை நிறுத்திக்கொண்டு, நாளைக் காலையில் வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள்.