பெங்களூரு ஓட்டலில் புது சப்ளையர்: முதல் 30 நாளில் முடிக்க வேண்டிய காகிதங்கள்

பரிமாற ஆள் கிடைத்தால் போதும் என்று அன்று மாலையே டேபிளுக்கு அனுப்பிவிடுகிறோம். அதற்கு முன் அரை மணி நேரம் உட்கார்ந்து காகிதங்களைப் பாருங்கள்.

படி 1: பெயரும் வயதும்

ஆதார், பான், பாஸ்புக் மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். தமிழ்நாட்டு ஆட்களிடம் இங்கேதான் இடிக்கும். ஆதாரில் 'முருகன் க' என்றிருக்கும். பான் அட்டையில் இனிஷியலை விரித்தாக வேண்டும் என்பதால் 'முருகன் கந்தசாமி' என்றிருக்கும். பாஸ்புக்கில் 'க.முருகன்'. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கு ஆதாரில் உள்ளபடிதான் திறக்கும். மற்றவை பொருந்தாவிட்டால் கே.ஒய்.சி. எனும் அடையாளச் சரிபார்ப்பு நின்றுவிடும். ஊர் திரும்பிய பிறகு தன் பணத்தை எடுக்க முடியாமல் அந்த மனிதர்தான் அலைவார். பான் அட்டையைச் சான்றாகக் காட்டி ஆதாரில் இனிஷியலை விரித்துவிட்டு, பிறகு வங்கியில் மாற்றுவது எளிய வழி.

வயதுக்கு ஆதார் போதாது. 2024 ஜனவரியில் பி.எஃப். நிறுவனமே பிறந்த தேதிச் சான்றுகளிலிருந்து அதை நீக்கிவிட்டது. பள்ளிச் சான்றிதழின் நகலை வாங்குங்கள். அசலை வாங்கிப் பூட்டி வைக்கவே கூடாது; அது ஆளை அடகு வைப்பது.

படி 2: மருத்துவச் சான்று

பரிமாறுபவரும் உணவைக் கையாள்பவர்தான். 'நலமாக உள்ளார்' என்ற லெட்டர்பேட் சீட்டு செல்லாது. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் படிவத்தில் கண், தோல் பரிசோதனையும் டைபாய்டு தடுப்பூசி விவரமும் நிரப்பி, பதிவு பெற்ற மருத்துவர் கையெழுத்திட வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பியுங்கள்.

படி 3: இ.எஸ்.ஐ., பி.எஃப்.

10 பேர் வேலை செய்தால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உண்டு. மாதச் சம்பளம் ரூ.21,000 வரை உள்ளவரை, அவர் வேலையில் சேர்ந்த 10 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். முதலாளி பங்கு 3.25%, தொழிலாளி பங்கு 0.75%. முதல் வாரத்திலேயே கொதிக்கும் சாம்பார் கையில் கொட்டலாம். பதிவு இல்லையென்றால் அந்தச் சிகிச்சைச் செலவை உங்களிடம் வசூலிக்க இ.எஸ்.ஐ. கழகத்துக்கு அதிகாரம் உண்டு.

20 பேர் என்றால் பி.எஃப். பழைய யு.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) இருக்கிறதா என்று முதலில் கேட்டு, படிவம் 11-இல் எழுதி வாங்குங்கள். கேட்காமல் புதிது எடுத்தால் இரண்டு கணக்காகி, பழைய பணம் தனியே மாட்டிக்கொள்ளும்.

படி 4: நியமன ஆணை

கர்நாடகக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம் 1961-இன்படி 30 நாளுக்குள் 'கியூ' படிவத்தில் தர வேண்டும். முதல் நாளே கொடுப்பது நல்லது. பெயர், பதவி, சம்பளம், வேலை நிபந்தனைகள் அதில் இருக்க வேண்டும். நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி, வார விடுமுறை, மிகை நேரத்துக்கு இரு மடங்கு கூலி ஆகியவற்றையும் எழுதிவிடுங்கள். தங்குமிடத்துக்குப் பிடித்தம் உண்டென்றால் தொகையைக் குறிப்பிடுங்கள். கிளாஸ் உடைந்தது என்று கேள்வி கேட்காமல் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. அவர் தரப்பை முதலில் கேட்க வேண்டும்.

இரண்டு பிரதி எடுங்கள். அவருக்குத் தெரிந்த மொழியில் படித்துக் காட்டி, ஒன்றில் தேதியோடு கையெழுத்து வாங்கிக் கோப்பில் வையுங்கள். மற்றதை அவர் கையில் கொடுங்கள்.