நோட்டம் விடுபவனைப் படம் எடுப்பது எப்படி

மதுரையில் சிம்மக்கல்லில் தொடங்கி வில்லாபுரம் வரை பதினான்கு வருடமாகக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் சிசிடிவி கேமரா மாட்டிக்கொண்டிருக்கிறேன். போன வருடம் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து 22 நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்தோம். கடைக் கேமரா வழியாக எதிர்வீட்டுப் பெண்ணைப் பார்த்துப் பார்த்தே புத்தி தடம் மாறிப்போகும் ஒருவனின் கதை. பார்த்த பையன்கள் சிலர், "அண்ணே, இந்த மாதிரி த்ரில்லர் எடுக்கணும்னா எங்கிட்டு ஆரம்பிக்கிறது?" என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததை எழுதிவிடுகிறேன்.

கதை எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு கடையில் நாலு கேமரா மாட்டினேன். வேலை முடிகிற நேரத்தில் கடைக்காரர், "தம்பி, வாசக் கேமராவ லேசா அங்கிட்டுத் திருப்பி விடு. எதுத்த வீட்டு மாடிப்படி தெரியட்டும். களவாணிப் பய எவனும் ஏறுனா தெரியும்ல" என்றார். நல்ல எண்ணம்தானே என்று திருப்பிவிட்டேன். மூன்று மாதம் கழித்து ஹார்ட் டிஸ்க் பழுது என்று கூப்பிட்டார். புது டிஸ்க் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டரில் சரிபார்க்கும்போது ஒரு ஃபோல்டர் கண்ணில் பட்டது. நூற்றுக்கும் மேல் வீடியோத் துண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். எல்லாவற்றிலும் ஒரே பெண். பால் வாங்க இறங்குகிறாள், கோலம் போடுகிறாள், ஸ்கூட்டியை எடுக்கிறாள். களவாணி ஒருவனும் இல்லை.

ஏணி போட்டு ஏறிக் கேமராவைப் பழையபடி கடைவாசலுக்கே திருப்பினேன். அந்த ஃபோல்டரை என் கண்முன்னே அழிக்கச் சொன்னேன். எதிர்வீட்டுப் பெரியவரிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தேன். இன்றைக்கு என்றால் அழிக்கச் சொல்லமாட்டேன். அது சாட்சி, அந்தக் குடும்பம் கேட்டால் கொடுக்க வேண்டியது. அதைவிட, முதலில் அந்த ஸ்க்ரூவைத் திருகியது என் கை என்பது இன்னும் உறுத்துகிறது. படம் எடுத்ததே அதனால்தான்.

முதலில் அவளை எழுதுங்கள்

முதல் பிரதியை என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, "ஏங்க, இதுல அந்தப் பிள்ளைக்கு வேற சோலியே இல்லையா? கோலம் போடுது, துணி காயப்போடுது, சிரிக்குது. அது மனசுல என்னதான் ஓடுது?" என்று கேட்டாள். அப்போதுதான் உறைத்தது. கடைக்காரர் பார்த்த பெண்ணைத்தான் நானும் எழுதி வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு இரவு அவள் கல்லூரிக் காலத்துக் கதையைச் சொன்னாள். ஆரப்பாளையத்திலிருந்து ஒருவன் ஒன்றரை வருடம் பின்னாலேயே வந்திருக்கிறான். திரும்பிப் பார்க்காமலே வண்டிச் சத்தத்தை வைத்து அவன்தான் என்று தெரிந்துவிடுமாம். சில நாள் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடப்பாள். எதிர்முனையில் யாரும் இல்லாத போனைக் காதில் வைத்து, "அப்பா, இந்தா வந்துட்டேன்" என்று சத்தமாகப் பேசுவாள். ஏதாவது ஃபேன்சி ஸ்டோருக்குள் நுழைந்து ஒரு பாக்கெட் ஊக்கு வாங்குவாள், அவன் கடந்து போகும் வரை கடையில் நிற்க ஒரு காரணம் வேண்டுமே. வீட்டில் ஒரு டப்பா நிறைய ஊக்கு சேர்ந்துவிட்டது. வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா படிப்ப நிறுத்திருப்பாக" என்றாள்.

கல்யாணமாகிப் பதினொரு வருடத்துக்குப் பிறகு இதை முதன்முறையாகக் கேட்கிறேன். அந்த ஊக்கு டப்பாதான் எங்கள் படத்தின் முதல் ஷாட்.

ஆகவே நீங்களும் எழுத உட்காருவதற்கு முன், நாலைந்து பெண்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். அம்மாவிடம், அக்காவிடம், மதினியிடம். அவசரப்படுத்தாமல் கேளுங்கள், அவர்கள் சொல்ல விரும்பாததை விட்டுவிடுங்கள். அப்புறம் ஒரு நோட்டில் உங்கள் கதாநாயகியின் ஒரு முழு நாளை, காலை ஐந்து மணியிலிருந்து இரவு பத்து மணி வரை, மணிக்கணக்கில் எழுதுங்கள். வேலை, கடன், தலைவலி, தோழியோடு போட்ட சண்டை எல்லாம் இருக்கட்டும். எழுதி முடித்ததும் சிவப்புப் பேனாவால், கேமராவின் பார்வைக்குள் விழும் நேரத்தை மட்டும் அடிக்கோடிடுங்கள். எங்கள் கதாநாயகி பதினேழு மணி நேரம் விழித்திருந்தாள். கேமரா அவளைப் பார்த்தது 11 நிமிடம். அந்த 11 நிமிடத்தை வைத்துக்கொண்டு அவளை முழுசாகத் தெரியும் என்று ஒருவன் நம்புகிறான். உங்கள் த்ரில்லர் முழுவதும் அந்த நம்பிக்கைக்குள்தான் இருக்கிறது.

அவனைப் பயங்கரமாகக் காட்டாதீர்கள்

இருட்டறை, சுவர் நிறையப் போட்டோ, முறைத்த கண்கள் எதுவும் வேண்டாம். நான் பார்த்த மனிதர் நெற்றி நிறைய விபூதி பூசி, வருகிறவர்களுக்கெல்லாம் டீ வாங்கித் தருகிறவர். உங்கள் கதையில் அவன் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியும் நியாயமான காரணத்தோடு தொடங்க வேண்டும். முதல் நாள் பாதுகாப்புக்காகப் பார்க்கிறான். இரண்டாம் நாள் நேற்றுப் பார்த்தது சரிதானா என்று பார்க்கிறான். பத்தாம் நாள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைக்கிறான்: "6.10 பால். 6.25 கோலம். இன்னைக்குச் சின்னக் கோலம். உடம்புக்கு முடியலையோ." உண்மையில் அவளுக்கு அன்று ஏழு மணிக்குப் பரீட்சை. அதைப் பார்வையாளருக்கு முந்தைய காட்சியிலேயே காட்டிவிடுங்கள். அவன் தப்பாக நினைப்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. பயம் அந்த இடத்தில்தான் பிறக்கும்.

நடிகருக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. பதிவைத் திரும்பப் பார்க்கும்போது யாரும் முழுசாகப் பார்ப்பதில்லை, 8 மடங்கு, 16 மடங்கு வேகத்தில் ஓட்டுவார்கள். அவன் தன் கடை, கல்லா, வாடிக்கையாளர் எல்லாவற்றையும் 16 மடங்கில் ஓட்டுகிறான். அவள் படியில் தெரிந்ததும் விரல் தானாகச் சாதாரண வேகத்துக்கு வருகிறது. முகத்தில் எதுவும் செய்ய வேண்டியதில்லை, விரல் போதும்.

இந்தக் காட்சிகளுக்குப் பின்னணியில் காதல் இசை போடாதீர்கள். ஒருவன் விடாமல் பின்னால் சுற்றினால் அவள் ஒருநாள் மனம் இரங்குவாள் என்று நம் சினிமா வெகுகாலம் சொல்லி வந்திருக்கிறது. என் மனைவியின் பின்னால் வந்தவனும் அதை நம்பித்தான் வந்திருப்பான்.

கேமரா உண்மையில் எப்படிப் பார்க்கிறது

இதில் பல படங்கள் சறுக்குகின்றன. தூரத்தில் இருக்கும் முகத்தைப் பெரிதாக்கினால் பளிச்சென்று தெரிவதாகக் காட்டுவார்கள். சாதாரணக் கடைகளில் மாட்டும் 2 மெகாபிக்சல் கேமராவில் பத்து மீட்டர் தாண்டினால் முகம் ஒரு கறை மாதிரிதான் இருக்கும். பெரிதாக்கினால் கறை பெரிதாகும், அவ்வளவுதான். இதைக் குறையாக நினைக்காதீர்கள். முகமே தெரியாத ஒருத்தியின் முகத்தை அவன் தன் மனதால் நிரப்பிக்கொள்கிறான் என்பதைவிடப் பெரிய காட்சி வேறு கிடைக்காது.

பெரும்பாலான கடைக் கேமராக்களில் ஒலி பதிவாகாது. அவள் படியில் உட்கார்ந்து போனில் அழுகிறாள், அவனுக்கு உதடு மட்டும் தெரிகிறது. கேமராப் படம் வரும்போது தெருச் சத்தத்தை முழுக்க எடுத்துவிட்டு, அவன் அறையின் மின்விசிறிச் சத்தத்தையும் கேமராப் படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டியின் இரைச்சலையும் மட்டும் வையுங்கள்.

இரவில் இந்தக் கேமராக்கள் அகச்சிவப்பு ஒளியில் பார்க்கும், படம் கறுப்பு வெள்ளைக்கு மாறிவிடும். கண்மணி வெள்ளையாக மின்னும். மழைத்துளி கோடு கோடாக விழும். லென்ஸ் முன்னால் சிலந்தி ஒரு நூல் கட்டினாலும் திரையில் பெரிய கயிறு மாதிரி ஆடும். இன்னொரு சங்கதி உண்டு. கறுப்புச் சாயம் போட்ட பல துணிகள் அகச்சிவப்பை அப்படியே திருப்பி அனுப்புவதால், திரையில் வெளிறிப்போய் வெள்ளை போலத் தெரியும். ஒத்திகை அன்று எங்கள் நடிகை கறுப்புச் சுடிதாரில் நின்றார், மானிட்டரில் வெள்ளைச் சுடிதார் தெரிந்தது. அன்றைக்கே கதையை மாற்றினோம். அவன், அவளுக்கு வெள்ளை என்றால் உயிர் என்று முடிவு செய்கிறான். ஒரு வெள்ளைத் துப்பட்டா வாங்கி அவள் ஸ்கூட்டி கைப்பிடியில் கட்டிவிட்டுப் போகிறான். இந்தக் காட்சியை இரண்டு முறை எடுத்தோம். முதலில் அவன் பக்கமிருந்து: எவ்வளவு கவனமாக மடிக்கிறான், விலைச்சீட்டை எப்படிக் கிழிக்கிறான் என்று. அப்புறம் அவள் பக்கமிருந்து: காலை இருட்டில் கைப்பிடியில் ஏதோ தொங்குகிறது, அவள் வாழ்நாளில் வெள்ளை உடுத்தியதில்லை, தெருவில் யாரும் இல்லை.

இதையெல்லாம் எடிட்டிங்கில் போலியாகச் செய்வதைவிட ஒரு நிஜக் கேமராவையும் டிவிஆரையும் இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுங்கள், பென் டிரைவில் பதிவை இறக்கிக்கொள்ளலாம். முடியாவிட்டால் போனில் அகலமாகக் காட்டும் 0.5 லென்ஸ், ஒன்பது பத்தடி உயரம், கீழ்நோக்கிய கோணம், ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள், அப்புறம் எடிட்டிங்கில் நொடிக்கு 12 பிரேம் ஆக்குங்கள். மற்ற காட்சிகளை நொடிக்கு 25 பிரேமில், ஷட்டர் நொடியில் 50இல் ஒரு பங்கு வைத்து எடுத்தால் டியூப்லைட் துடிக்காது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்.

கதைக்குக் கெடு வேண்டுமென்றால் அதையும் டிவிஆரே கொடுக்கும். நாலு கேமரா, ஒரு டெராபைட் டிஸ்க் என்றால் பத்துப் பதினைந்து நாளில் இடம் நிரம்பிவிடும், பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். அவளுக்குத் தேவையான சாட்சி இன்று நள்ளிரவோடு அழியப்போகிறது என்பது யாரும் துப்பாக்கி தூக்காமலே பதற்றம் தரும்.

மாசி வீதியில் பின்தொடரும் காட்சி

மதுரைக்காரர்களுக்கு இது வரப்பிரசாதம். கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக அமைந்த ஊர். தன் வேலையாகப் போகிற ஒருவன் ஒரு திருப்பத்தில் நம்மோடு வருவான், இரண்டில் வருவான். நாலு முறையும் வலப்பக்கமே திரும்பித் தொடங்கிய இடத்துக்கே வந்த பிறகும் அதே ஆள் பின்னால் இருந்தால் சந்தேகம் வேண்டாம். எங்கள் கதாநாயகி இதைத்தான் செய்கிறாள். மேல மாசியில் தொடங்கி நாலு மாசி வீதியும் நடந்து சுற்றுகிறாள். ஓட்டம் கிடையாது. ஒவ்வொரு திருப்பத்திலும் கடைக் கண்ணாடியில் அவன் சட்டை நிறம் மட்டும் தெரியும். நாலாவது திருப்பத்தில் அவள் நின்று, முதல்முறையாக நேராகத் திரும்பிப் பார்க்கிறாள்.

கூட்டத்துக்குள் ஒளித்து வைத்து எடுக்காதீர்கள். வழியில் போகும் பெண்களை அவர்களுக்குத் தெரியாமல் படம் பிடித்து, நோட்டம் விடுவது தப்பு என்று படம் எடுக்க முடியாது. ஞாயிறு காலை ஆறரைக்கு, கடைக்காரர்களிடம் சொல்லி, நண்பர்களையே நடக்கவிட்டு எடுத்தோம். தெருவில் எடுக்கக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக்கொடுங்கள். ரயில் நிலையத்துக்குத் தனி அனுமதி வேண்டும். மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் 2018 முதல் செல்போனே கொண்டுபோக முடியாது, அதை மறந்து காட்சி எழுதிவிடாதீர்கள்.

படத்தில் போலீஸ் வந்தால் சட்டம் சரியாக இருக்கட்டும். பெண்ணைப் பின்தொடர்வது 2013இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 354டி என்று தனிக் குற்றமாகச் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆவது பிரிவு. அந்தரங்கத்தை ஒளிந்து பார்ப்பதற்கு 77. படம் முடிந்ததும் பெயர்ப் பட்டியலுக்கு முன் பெண்கள் உதவி எண் 181 என்று போட்டோம். பார்க்கிறவர்களில் ஒருத்திக்காவது தேவைப்படும்.

எடிட்டிங் முடியுமுன் ஐந்தாறு பெண்களை உட்காரவைத்துப் போட்டுக் காட்டுங்கள். திரையைப் பார்க்காமல் அவர்களைப் பாருங்கள். எங்கள் படத்தில் துப்பட்டாக் காட்சிக்கு யாரும் அசையவில்லை. அவள் பூட்டைப் போட்டுவிட்டு மறுபடி ஒருமுறை இழுத்துப் பார்க்கும் சின்ன ஷாட்டுக்கு இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த ஷாட்டை நாலு நொடி நீட்டினோம்.

படப்பிடிப்பு முடிந்த அன்றே கேமராவைக் கழற்றிவிடுங்கள். ஒத்திகையின்போது அக்கம்பக்கத்து வீட்டு வாசல்கள் எப்படியும் பதிவாகியிருக்கும். உங்கள் காட்சிகளை இறக்கிக்கொண்டதும், அந்த வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, அவர்கள் பார்க்கவே டிஸ்க்கை ஃபார்மட் செய்யுங்கள். சுவரில் போட்ட துளையைச் சிமெண்டு வைத்து அடைத்து, அதன் மேல் சுவரின் அதே நிறத்தில் பெயிண்ட் அடியுங்கள்.