கோலாலம்பூர் – பாங்காக் ரயில் பயணம்: திட்டமிடும்போதே செய்யும் தவறுகள்

கோலாலம்பூரில் ஏறிப் பாங்காக்கில் இறங்கலாம் என்று ஒரே டிக்கெட்டைத் தேடுபவர்கள் முதல் அடியிலேயே சறுக்குகிறார்கள். அப்படி ஒரு ரயில் கிடையாது. மலேசியாவின் மின்சார விரைவு வண்டியான ஈடிஎஸ் ரயில் எல்லையில் உள்ள பாடாங் பெசார் வரை போகும். அங்கிருந்து தாய்லாந்து வண்டி. நிர்வாகமும் வேறு, டிக்கெட்டும் வேறு. முதல் வண்டி தாமதமாகி அடுத்ததைக் கோட்டைவிட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்திலிருந்து பாங்காக்குக்கு ஓடிய நேரடி ரயிலும் 2016-இல் நின்றுவிட்டது. பழைய பயணக் குறிப்புகளில் மட்டும் அது இன்னும் ஓடுகிறது.

அதனால் திட்டத்தை எல்லையிலிருந்து தொடங்குங்கள். பாங்காக் போகும் இரவு ரயில் பாடாங் பெசாரில் மாலையில் கிளம்பும். கோலாலம்பூரிலிருந்து அந்த நிலையத்துக்கு ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். கணக்குப்படி ஒரே நாளில் பிடித்துவிடலாம். ஆனாலும் முந்தைய இரவை ஈப்போவிலோ பினாங்கிலோ கழிப்பதுதான் புத்திசாலித்தனம். பட்டர்வொர்த்திலிருந்து பாடாங் பெசாருக்கு கொமுட்டர் எனும் உள்ளூர் ரயில் உண்டு, இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

பலரைக் கவிழ்ப்பது கடிகாரம். மலேசியா தாய்லாந்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கிறது. வடக்கே போகும்போது இது தொந்தரவு தராது. ஒரு மணி நேரம் இலவசமாகக் கிடைக்கும். திரும்பும்போதுதான் வம்பு. பாங்காக்கிலிருந்து வரும் ரயில் காலை 8 மணி வாக்கில் பாடாங் பெசார் சேரும் என்று அட்டவணை சொல்வது தாய்லாந்து நேரம். மலேசிய மணி அப்போது 9. எட்டுக்கு இறங்கி ஒன்பது மணி ஈடிஎஸ்ஸைப் பிடிக்கலாம் என்று முன்பதிவு செய்தவர், ரயில் சரியான நேரத்துக்கு வந்தாலும் பிடிக்க முடியாது. இறங்கியதும் மூட்டை முடிச்சுகளோடு இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனைக்கும் வரிசையில் நிற்க வேண்டும். இரண்டும் அதே நிலையத்திலேயே நடப்பது ஒன்றுதான் ஆறுதல். தாய்லாந்து ரயில்கள் தாமதமாவதும் சகஜம். எனவே குறைந்தது மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள்.

தேதியிலும் இதே குழப்பம் வரும். 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் வரும் வெளிநாட்டவர்கள் டிஜிட்டல் வருகை அட்டையை முன்கூட்டியே, வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள், நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் இது இலவசம். பணம் கேட்டால் அது வேறு யாருடைய தளமோ. அட்டையில் எழுத வேண்டியது எல்லையைக் கடக்கும் நாள், மறுநாள் காலை பாங்காக்கில் இறங்கும் நாள் அல்ல. திரும்பும் வழியில், தாய்லாந்தில் தங்கும் அனுமதி முடியும் நாளில் பாங்காக்கில் ரயில் ஏறினால் எல்லையைக் கடப்பது மறுநாள் காலை. அது கூடுதல் தங்கல் கணக்கில் சேரும், நாளொன்றுக்கு 500 பாட் அபராதம்.

படுக்கை டிக்கெட்டைக் கடைசி வாரத்தில் தேடாதீர்கள். பாடாங் பெசாரிலிருந்து கிளம்பும் பெட்டிகள் சிலவே. மீதிப் பெட்டிகள் தென் தாய்லாந்து நகரமான ஹாட்யாயில்தான் சேர்கின்றன. எல்லையிலிருந்து இடமில்லை என்று வந்தால் ஹாட்யாயிலிருந்து தேடிப் பாருங்கள், அங்கிருந்து வேறு இரவு ரயில்களும் உண்டு. எல்லையிலிருந்து ஹாட்யாய் வரை உள்ளூர் ரயிலில் ஒரு மணி நேரம்தான். விலை வித்தியாசத்தைப் பார்த்து மேல்படுக்கை எடுக்க வேண்டாம். கீழ்ப்படுக்கை அகலமானது, ஜன்னலும் உங்களுடையது.

ஹாட்யாயில் ஓர் இரவு தங்குவதானால் பயணக் காப்பீட்டைப் படித்துவிடுங்கள். தாய்லாந்தின் தென்கோடி மாநிலங்களுக்குப் போக வேண்டாம் எனச் சில நாட்டு அரசுகள் எச்சரிக்கின்றன. அந்த எச்சரிக்கை இருக்கும் பகுதிக்குப் பல காப்பீடுகள் செல்லாது.

பாங்காக்கில் பழைய முதன்மை நிலையமான ஹுவா லம்போங் அருகே அறை எடுப்பது இன்னொரு பழைய பழக்கம். 2023 ஜனவரி 19 முதல் தெற்கிலிருந்து வரும் நெடுந்தூர ரயில்கள் குருங் தெப் அபிவத் நிலையத்துக்குப் போகின்றன. அறையை ஏற்கெனவே எடுத்துவிட்டவர்கள் ரத்து செய்ய வேண்டியதில்லை. எம்ஆர்டி மெட்ரோவின் நீல வழித்தடம் இரண்டு நிலையங்களையும் இணைக்கிறது.