சிடி பூ சைத் போனால் மாளிகையை முதலில் பாருங்கள்

துனிசியத் தலைநகர் துனிஸில் உள்ள துனிஸ் மரீன் நிலையத்தில் டி.ஜி.எம். என்ற உள்ளூர் ரயில் ஏறி, கடலோர ஊரான சிடி பூ சைத்தில் இறங்குங்கள். அதன்பின் மேட்டு நடை. வழுக்காத செருப்பு அவசியம். ஓவியரும் அரபு இசை ஆய்வாளருமான ரொடால்ஃப் தெர்லாஞ்சே 1912 முதல் 1922 வரை மூரிஷ் (வட ஆப்பிரிக்க, ஸ்பெயின் இஸ்லாமியக் கட்டடக்கலை) பாணியில் கட்டிய என்னெஜ்மா எஸ்ஸஹ்ரா மாளிகை, கடலைப் பார்த்த சரிவில் இருக்கிறது.

நீலக் கதவுத் தெருக்களிலேயே பொழுதைக் கழித்துவிட்டு, மூடும் வேளையில் இங்கே வந்து ஏமாறுவது சுலபம். (ஊரின் அந்த நீல வெள்ளை நிறத்தைக் காக்கும் 1915 ஆணைக்குப் பின்னால் இருந்தவரும் தெர்லாஞ்சேதான்.) நுழைவுக்குச் சில்லறை தினார் வைத்துக்கொள்ளுங்கள்.

வெயிலிலிருந்து உள்ளே போனதும் எல்லாம் இருட்டாகத் தெரியும். கண் பழகும்வரை இரண்டு நிமிடம் நின்றால்தான் சுவரின் சுதைச் செதுக்கலும் மர விதானத்தின் வண்ணமும் பிடிபடும். அங்கே வைத்திருக்கும் இசைக்கருவிகளை அவசரமாகக் கடக்காதீர்கள். தோட்டத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.