தியானத்தில் கவனம் சிதறுகிறதா? நான் செய்து மாட்டிக்கொண்ட தவறுகள்

போன வாரம் எங்கள் வேத பாடக் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் லூக்கா 10ஆம் அதிகாரத்தை வாசித்துக்கொண்டிருந்தார். "தேவையானது ஒன்றே" என்ற இடத்தில் நின்றார். அடிக்கோடு போட்டார், போட்டோ எடுத்தார், ஸ்டேட்டஸில் போட்டார், அடுத்த வசனத்துக்குப் போய்விட்டார். மொத்தமே அரை நிமிடம். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. எரிச்சல் அவர்மேல் இல்லை, பத்து வருடத்துக்கு முந்தைய என்மேல்.

போனை அணைத்து வையுங்கள், அதிகாலையில் எழுந்திருங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதை விட்டுவிடுகிறேன்.

அடுத்தவருக்காகவே வாசிப்பது

ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கத் தொடங்கிய பிறகு, என் தியான நேரம் எனக்கே தெரியாமல் பாடத் தயாரிப்பாக மாறிப்போனது. வேதாகமத்தைத் திறந்தால் கை தானாக நோட்டைத் தேடும். இதை எப்படி மூன்று குறிப்பாகப் பிரிக்கலாம், எந்தக் கதையோடு ஆரம்பிக்கலாம் என்றே மனம் ஓடும். தினமும் வாசித்ததால் குறை எதுவும் தெரியவில்லை. நாலு வருடம் இப்படியே போனது.

அப்புறம் அப்பா படுத்த படுக்கையானார். ஒரு ராத்திரி அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிக்க வாயைத் திறந்தேன். "பாடுகளின் வழியாகத் தேவன் நமக்கு மூன்று காரியங்களைக் கற்றுத்தருகிறார்" என்று வந்தது. அந்த அறையில் வகுப்பா நடக்கிறது? அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். ஆண்டவரிடம் சொந்தமாகச் சொல்ல என்னிடம் ஒரு வாக்கியம்கூட இல்லை.

அந்த லூக்கா 10இல் "தேவையானது ஒன்றே" என்று இயேசு சொன்னது, அவரை வீட்டில் ஏற்று உபசரித்த மார்த்தாளிடம்தான். அவளை வீட்டுவேலையில் மூழ்கியவள் என்று லேசாகச் சொல்லிவிடுகிறோம். அவள் கவனத்தைக் கலைத்தது இயேசுவுக்கே செய்த பணிவிடை. லூக்கா அங்கே எழுதியிருக்கும் கிரேக்கச் சொல் தியாகோனியா. வேறு இடங்களில் ஊழியம் என்று வருகிற அதே சொல். இந்தத் தவறு பிடிபடாமல் போவதற்கும் அதுதான் காரணம். சினிமா பார்த்துத் தியானத்தை விட்டால் மனச்சாட்சி குத்தும். பிரசங்கக் குறிப்பு எழுதிக்கொண்டே விட்டால் பாராட்டு கிடைக்கும்!

இதைக் கண்டுபிடிக்க 23ஆம் சங்கீதம் உதவியது. முதல் மூன்று வசனங்களில் தாவீது கர்த்தரைப் பற்றிப் பேசுகிறான்: "அவர் என்னை" நடத்துகிறார். நாலாம் வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் பேச்சு திரும்பிவிடுகிறது: "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்." அவர் என்பது நீர் ஆகிறது. என் பழைய நோட்டுகளைப் புரட்டினேன். பக்கம் பக்கமாக "தேவன் நம்மை", "ஆண்டவர் நமக்கு" என்றுதான் இருந்தது. "நீர்" என்று எங்கேயுமே இல்லை.

இப்போது பாடத்துக்கு ஒரு பகுதி, தியானத்துக்கு வேறு பகுதி. நேரமும் வேறு. தியானத்தில் கிடைத்ததை ஒரு வாரத்துக்கு யாரிடமும் சொல்வதில்லை. இவ்வளவு நல்ல குறிப்பு வீணாகிறதே என்று முதல் மாதம் கை அரித்தது நிஜம்.

சிதறும் நினைவுகளோடு மல்லுக்கட்டுவது

கண்ணை மூடினால் கட்டாத பில் ஞாபகம் வரும், முந்தின நாள் திட்டிய மேலாளர் முகம் வரும். விரட்ட விரட்ட அதுவே பெரிதாகும். ஐந்து நிமிடம் விரட்டுவதிலேயே போனபின், நமக்கு ஜெபிக்கவே வரவில்லை என்று சோர்ந்துபோவோம். வந்த நினைவையே ஜெபமாக்கிவிடுங்கள். பில்லா, அதைச் சொல்லுங்கள். மேலாளரா, அவருக்காக ஒரு வரி. ராஜாவுக்குப் பானம் பரிமாறிய நெகேமியா, அந்த ராஜாவின் கேள்விக்கும் தன் பதிலுக்கும் நடுவே ஜெபித்தவன் (நெகேமியா 2:4). முழங்கால்போட அங்கே நேரம் ஏது?

விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்து வாசிப்பது

வேண்டாம். இன்றைய பகுதி போதும்.

உருக்கம் வரட்டும் என்று காத்திருப்பது

வராவிட்டாலும் உட்காருங்கள்.

ஒரு மணி நேரத்தில் ஆரம்பிப்பது

நாலாம் நாள் நின்றுவிடும். பத்து நிமிடம், ஒரு சின்ன பகுதி, திரும்பத் திரும்ப. ஸ்டேட்டஸ் தம்பிக்கு 131ஆம் சங்கீதம் கொடுத்திருக்கிறேன். மூன்றே வசனம், "கர்த்தாவே" என்று தொடங்கும். ஏழு நாளும் அதையே வாசிக்க வேண்டும், போட்டோ கூடாது என்று சொன்னேன். சரி என்று தலையாட்டினார். இரண்டாம் நாளே மெசேஜ்: "முடித்துவிட்டேன் அண்ணா, அடுத்தது என்ன?"